புதுப்பிப்பு: தம்பியின் வலிப்பு மாத்திரையும் அந்தக் கோபமும்

மூன்று மாதம் முன்பு எழுதியிருந்தேன், வலிப்புக்காக லெவெடிராசிட்டம் ஆரம்பித்த பிறகு தம்பி ஆளே மாறிவிட்டான், சாம்பாரில் உப்பு குறைவு என்று தட்டை அம்மா காலடியில் வீசினான் என்று. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

கடலூரிலிருந்து பஸ் பிடித்து புதுச்சேரியில் வேறொரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். தேதி போட்டு நான் எழுதிவைத்த நோட்டை இரண்டு பக்கம் புரட்டியவர், இது அவன் குணம் இல்லைம்மா, இந்த மாத்திரையில் சிலருக்கு எரிச்சல், கோபம், மனச்சோர்வு வருவது தெரிந்த விஷயம்தான் என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார்கள். முதலில் மாத்திரை கொடுத்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனை இவ்வளவு திட்டியிருக்க மாட்டோம், அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பதிலாக லாமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மாத்திரையை 25 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டினார்கள். வேகமாகக் கூட்டினால் தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம். அது ஓரளவு ஏறிய பிறகுதான் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். தயவுசெய்து யாரும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம் இன்னொன்று. 11 வலிப்பு மருந்துகளின் ஆய்வுகளைப் பார்த்துவிட்டு 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஓர் எச்சரிக்கை விட்டது: தற்கொலை எண்ணமோ முயற்சியோ, மருந்து எடுக்காதவர்களில் 1000-க்குச் சுமார் 2 பேருக்கு, எடுத்தவர்களில் சுமார் 4 பேருக்கு. சின்ன எண்தான், ஆனாலும் வாழவே பிடிக்கவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

நேற்று சாயங்காலம் சில்வர் பீச்சில் அவனே சுண்டல் வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து அம்மா கையில் கொடுத்தான்.