மடிக்கணினி கொடுத்தால் பாடம் வந்துவிடுமா?

சுண்ணக்கட்டி: "பிள்ளைகள் கையில் மடிக்கணினி கொடுங்கள், கற்பித்தல் தானாக மாறிவிடும்" என்று பொறியன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பெரு நாட்டில் இதைத்தானே செய்தார்கள்? 8 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் வந்தது. கணக்கும் ஏறவில்லை, மொழிப்பாடமும் ஏறவில்லை.

பொறியன்: 15 மாதத்தில் எடுத்த கணக்கு அது. வெறும் 15 மாதம்! சிந்தனைத் திறன் சோதனையில் பிள்ளைகள் முன்னேறியதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்களே டீச்சர்.

சுண்ணக்கட்டி: 15 மாதம் போதாதா? டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை வைத்து நடத்திய மையங்களில் நாலரை மாதத்திலேயே கணக்கும் இந்தியும் ஏறின. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து அது தொடங்கியது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லையா, கழித்தலில் இருந்துதான் பாடம். கூடவே சொல்லித்தர ஆளும் இருந்தார். பெட்டியை மட்டும் இறக்கிவிட்டுப் போகவில்லை.

பொறியன்: அது பள்ளி விட்ட பிறகு நடந்த மையம், வகுப்பறையே இல்லை. 15 மாதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

அல்லி: மாதக் கணக்கை விடுங்கள். கென்யாவில் டுசோமே என்ற வாசிப்புத் திட்டத்தில் டேப்லெட் பிள்ளைகளிடம் இல்லை, வகுப்பைப் பார்வையிட வரும் பயிற்றுநரிடம் இருந்தது. அவர் பாடத்தைக் கவனித்து, சில பிள்ளைகளை வாசிக்க வைத்துப் பதிந்துகொண்டு, ஆசிரியரிடம் அங்கேயே பேசுவார்.

பொறியன்: அல்லி, முன்பு நடந்த திறன்பலகை (ஸ்மார்ட் போர்டு) விவாதத்தில் என்னை "விற்பனை முகவர்" என்றீர்கள். முதலில் அதை வாபஸ் வாங்குங்கள்.

அல்லி: விலைப்பட்டியல் மாதிரி எழுதினால் அப்படித்தான் தோன்றும். வாங்க மாட்டேன்.

சுண்ணக்கட்டி: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். 22 வருடமாக வகுப்பில் நிற்கிறேன். திறன்பலகை வந்தபோது ஒரே ஒரு நாள் பயிற்சி, அதிலும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது மட்டும். பின்னங்களை அதில் எப்படி நடத்துவது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். தவறாகப் போட்ட ஒரு கணக்கைப் பெயரை மறைத்துச் செல்பேசியில் படம் எடுத்துத் திரையில் போட்டேன். எங்கே பிசகியது என்று வகுப்பே விவாதித்தது. கடைசி பெஞ்சுப் பிள்ளை எழுந்து வந்து திருத்தினாள். இதைச் செய்தது பலகையா, ஆசிரியரா?

பொறியன்: பலகை இல்லாமல் திரையில் எப்படிப் போட்டிருப்பீர்கள்? சொந்தக் கதை சான்றாகாது. 15 மாதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

சுண்ணக்கட்டி: நாலரை மாதம். மேலே எழுதியிருக்கிறேன், போய்ப் படியுங்கள்.