ஸ்டிக்கர் ஒட்டாமல் மாட்டின் நடையை அளந்த அனுபவம்

கறவை மாடு நொண்ட ஆரம்பித்ததுமே பிடித்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. ஆனால் லேசான வலியை மாடு வெளியே காட்டாது. நொண்டலை அளக்க 1997-இல் வந்த ஐந்து படி மதிப்பெண் முறையைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். நிற்கும்போது முதுகு நேராக இருந்து, நடக்கும்போது மட்டும் வளைந்தால் இரண்டாம் படி. அதைக் கண்ணால் பார்த்து ஒருவர் "ஆமாம்" என்றால் பக்கத்தில் நிற்பவர் "இல்லை" என்பார். அதனால்தான் வீடியோவிலிருந்து அளக்க இறங்கினேன்.

மூட்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டி அளப்பது பழைய வழி. ஒட்டிய உடனே, ஈ உட்கார்ந்தால் செய்கிற மாதிரி அந்த இடத்துத் தோலை மட்டும் மாடு வெடவெடவென்று சிலிர்க்கும். அப்புறம் கழுத்தை வளைத்து நக்கியே எடுத்துவிடும். எடுக்காவிட்டாலும் தோல் எலும்பின் மேல் வழுக்குகிறது. ஸ்டிக்கர் நகர்ந்ததை வைத்து மூட்டு இவ்வளவுதான் நகர்ந்தது என்று சொல்ல முடியாது. காலில் ஏதோ இருக்கிறது என்று உணர்ந்த மாடு இயல்பாக நடப்பதும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

2018-இல் வெளியான டீப்லேப்கட், ஸ்டிக்கர் இல்லாமலே வீடியோவில் உடல் உறுப்புகளைப் பின்தொடரும் இலவச மென்பொருள். வீடியோவின் ஏறக்குறைய 200 ஃபிரேம்களில் (தனித்தனிப் படங்களில்) நாமே புள்ளி வைத்துக் கற்றுக்கொடுத்தால் போதும், மற்றதில் அதுவே புள்ளி வைக்கும் என்று அதை உருவாக்கியவர்கள் காட்டியிருந்தார்கள். பால் கறந்து திரும்பும் பாதையில், பக்கவாட்டில் கேமராவை நிறுத்தினோம். குளம்புகள், முழங்கால், முதுகுத்தண்டின் மேல் மூன்று இடங்கள் என்று புள்ளி வைத்தோம்.

கால்கள் ஒன்றையொன்று கடக்கும்போதுதான் தலைவலி. இந்தப் பக்கக் குளம்பின் புள்ளி அந்தப் பக்கக் குளம்புக்குத் தாவிவிடும். புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று மென்பொருள் எவ்வளவு நம்புகிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் நம்பிக்கை எண் அப்போதும் 1-ஐ ஒட்டியே நிற்பதுண்டு. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

ஒரு கொட்டகையில் மாட்டுக்கார அம்மா, "இவ பின்னங்காலைத் தாங்குறா தம்பி, யாரும் நம்ப மாட்டேங்குறாங்க" என்றார். முதுகுக் கோடு ஒவ்வொரு அடிக்கும் வளைந்து நிமிர்வதைத் திரையில் காட்டினேன். குளம்பைத் தூக்கிச் சீவியபோது அடியில் புண். அந்த அம்மா சொன்னதுக்கு அன்றைக்குத்தான் ஒரு ஆதாரம் கிடைத்தது.

இதற்கு இன்னொரு உறுப்பினரின் பதில்:

நான் எலிகளோடு வேலை செய்கிறேன். ஸ்டிக்கரை அவை கொறித்தே தீர்த்துவிடும். கால் மாறிப்போகும் தொல்லைக்கு நாங்கள் கண்ட வழி கண்ணாடித் தரை. கீழிருந்து படமெடுத்தால் நான்கு பாதமும் தனித்தனியாகத் தெரியும். ஒன்றை ஒன்று மறைக்காது. மாட்டுக்கு அது ஆகாத காரியம். பாதையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேமரா வைத்து, அந்தந்தப் பக்கக் கால்களை மட்டும் அதிலிருந்து எடுத்துப் பாருங்கள். இரண்டு வீடியோவும் நேரத்தில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நாங்கள் இரண்டு கேமராவிலும் தெரியும்படி ஒரு விளக்கை மினுக்கி அதை வைத்துப் பொருத்திக்கொள்கிறோம்.