ரெஸ்டோமாட்: ‘அகப்புதுக்கு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய காரின் வெளித்தோற்றத்தை அப்படியே வைத்து, உள்ளே இன்றைய எஞ்சினும் பாகங்களும் பொருத்துவதுதான் ரெஸ்டோமாட் (ரெஸ்டோரேஷன் + மாடிஃபிகேஷன்). இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் ‘மீள்மாற்றம்’, ‘மீட்டுமாற்று’ என்று இதுவரை வந்த இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து, துண்டுக்கு ஒன்றாகத் தமிழ் வைத்திருக்கிறோம். விஷயம் தெரியாதவரிடம் ‘மீள்மாற்றக் கார்’ என்றால், மாற்றிய காரைத் திரும்பவும் பழையபடி ஆக்கியது என்றுதான் எடுத்துக்கொள்வார். நடப்பதோ நேர் எதிர்.

காரையே பார்ப்போம். 1965 ஃபோர்டு மஸ்டாங், கூரை மடங்கும் வகை (கன்வெர்டிபிள்). 289 கன அங்குல வி8 (இரண்டு வரிசையில் எட்டு சிலிண்டர்), அதாவது 4.7 லிட்டர் எஞ்சின். பெரிய கார்புரேட்டர் வைத்த வகைக்கு 225 குதிரைத்திறன் என்று போட்டிருப்பார்கள். (அது எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி அளந்த பழைய அமெரிக்கக் கணக்கு. சாலையில் அவ்வளவு வராது.) நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், முன்னால் டிஸ்க் வேண்டுமென்றால் கூடுதல் காசு.

ரெஸ்டோமாட் செய்கிறவர் இதில் ஃபோர்டின் 5 லிட்டர் கொயோட்டி எஞ்சினை வைக்கிறார் என்று கொள்ளுங்கள். 2011 மாடல் மஸ்டாங்கில் வந்தபோதே அது 412 குதிரைத்திறன். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு வரிசைக்கு இரண்டு இருப்பதால் மேல்பகுதி அகலம். பழைய காரில் முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே அது இறங்காது. கோபுரங்களை வெட்ட வேண்டும். வெட்டினால் முன் சஸ்பென்ஷன் முழுக்க வேறு. அப்புறம் ஸ்டீயரிங், கியர்பாக்ஸ், டிஸ்க் பிரேக். கூரை மடங்கும் காருக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. மஸ்டாங்கில் தனிச் சேஸி கிடையாது, பாடியேதான் சட்டம். நிலையான கூரை இல்லாவிட்டால் விறைப்பு குறையும் என்பதால் ஃபோர்டே அன்று அடியில் கூடுதல் இரும்பு வைத்துப் பற்றவைத்தது. இன்றைய எஞ்சினின் முறுக்கலுக்கு அதுவும் போதாது. முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் அடியில் இணைத்துக் கட்டுகிறார்கள்.

இத்தனையும் முடிந்து தெருவில் நிறுத்தினால் அதே 1965. மூக்கில் ஓடும் குதிரை, மூன்று பட்டைப் பின்விளக்கு, எல்லாம் அப்படியே. இந்த வித்தையைத்தான் நம் சொல் சொல்ல வேண்டும்.

கூடுவிட்டுக் கூடு பாய்வதை வைத்து ஒருவர் சொன்ன ‘கூடுபாய் கார்’ என்ற பரிந்துரையைப் படித்துச் சிரித்தேன், ரசிக்கவும் செய்தேன். ஆனால் திருமூலர் மூலன் உடலில் புகுந்தபோது அந்த இடையனின் எலும்பை மாற்றவில்லையே! இங்கே எலும்பும் மாறுகிறது, தோல் மட்டும் மிஞ்சுகிறது.

அதனால் என் பரிந்துரை: அகப்புதுக்கு. புதுக்குதல் என்பது அகராதியில் இருக்கும் பழைய வினைதான், நாம்தான் புழங்காமல் விட்டோம். அகமும் புறமும் பழையபடி ஆனால் மீட்டமைப்பு (ரெஸ்டோரேஷன்). புறம் பழசாக இருக்க அகம் புதிதானால் அகப்புதுக்கு. ‘அகம்புதுக்கிய மஸ்டாங்’, ‘இதை அகம்புதுக்க எவ்வளவு ஆகும்?’ என்று வினையாகவும் வளைகிறது. ‘மீள்மாற்றம்’ வளையாது.

கன்வெர்டிபிளுக்கு ‘திறந்த கார்’ வேண்டாம். கூரையே இல்லாத வண்டிகளும் அதில் வந்துவிடும். ‘மடிகூரைக் கார்’ என்கிறேன். வினைத்தொகை, எனவே மடிக்குப் பின் ‘க்’ போட்டுவிடாதீர்கள். மடிக்கணினியில் மடி பெயர்ச்சொல். அங்கே ‘க்’ சரி. இங்கே போட்டால் கூரை மடியில் வந்து உட்கார்ந்துவிடும்.

என் சொல்லில் ஓர் ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். அந்த வி8 மஸ்டாங்கின் சக்கரம் 14 அங்குலம். இன்றைய பெரிய டிஸ்க் அதற்குள் அடங்காது, 17 அங்குலமாவது போடுவார்கள். அது புறத்தில்தானே தெரிகிறது? சக்கரத்தை மட்டும் விதிவிலக்காக விடலாமா, இல்லை சொல்லையே மாற்ற வேண்டுமா?