ராக் கச்சேரி முடிந்து ஒன்பது நாள், காதில் இரைச்சல் நிற்கவில்லை

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், வயது 31. போன சனிக்கிழமைக்கு முந்தைய சனி, கனகபுரா சாலைப் பக்கம் காட்டை ஒட்டிய தோப்பில் ராக் கச்சேரி. மூன்று மணி நேரமும் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றேன். சாய்ந்திருந்த தைலமரத்தின் பட்டை பேஸ் கிடாருக்கு அதிர்ந்தது முதுகில் தெரிந்தது. அருமையான ராத்திரிதான், பொய் சொல்லமாட்டேன்.

அன்றிலிருந்து வலது காதில் ‘ங்ஙீ’ என்று ஒரே சுருதி. படுத்தால் கூடுகிறது. வலி, சீழ், தலைச்சுற்றல் இல்லை. கூட வந்த இருவருக்கும் மறுநாளே சரியாகிவிட்டது.

இயர்போனை அன்றே தூக்கி வைத்துவிட்டேன். ஆவி பிடித்தேன். அத்தை பூண்டு காய்ச்சிய எண்ணெயோடு வந்தார், அதற்கு மட்டும் தலையைக் கொடுக்கவில்லை. ஆறாம் நாள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். அழுக்கு இல்லை, செவிப்பறை நன்றாக இருக்கிறது என்றார். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸில் மட்டும் ஒரு பள்ளம், அதாவது அந்தச் சுருதியில் கேட்பது குறைந்திருக்கிறது. அதிக சத்தத்தால் வருவதாம். மாத்திரை ஓடுகிறது, மாற்றமில்லை.

அப்புறம்தான் மைசூருவில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் கேட்பு நிறுவனம் நினைவுக்கு வந்தது. காது இரைச்சலுக்காக அங்கே போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: காலை ரயிலில் நேரே போனால் அன்றே பார்ப்பார்களா, முன்பதிவு வேண்டுமா?