அண்ணனும் நானும் பாட்டோடு ஊருக்குத் திரும்பலாம் என்று இருக்கிறோம், யோசனை சொல்லுங்க

வெள்ளகோவில் தங்கச்சி:

வணக்கமுங்க. கன்ட்ரி, அமெரிக்கானா என்கிற அமெரிக்க நாட்டுப்பாட்டு வகைகளைக் கேட்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

நானும் அண்ணனும் கோயமுத்தூரில் சில வருசமாகச் சேர்ந்து பாடுகிறோம். எங்களுக்குப் பிடித்ததெல்லாம் கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து பாடியதுதான்: லூவின் பிரதர்ஸ், ஸ்டான்லி பிரதர்ஸ், எவர்லி பிரதர்ஸ், இப்போது பாடுகிற சீக்ரெட் சிஸ்டர்ஸ். லூவின் அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாட்டு நடுவிலேயே மேல்குரலையும் கீழ்க்குரலையும் மாற்றிக்கொள்வார்கள். யார் ஏறினார், யார் இறங்கினார் என்று பிடிக்கவே முடியாது. ஒரே வீட்டில் ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் இழுப்பதும் வெட்டுவதும் அப்படி ஒன்றாக வரும். எங்களுக்கும் அது கொஞ்சம் வருகிறது. பழைய கார்ட்டர் குடும்பக் குழுவில் மேபெல் கார்ட்டர் கிட்டார் வாசித்த முறையை அண்ணன் பிடிவாதமாக உட்கார்ந்து பழகியிருக்கிறார். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மெட்டை எடுக்கும், அதே நேரத்தில் ஆட்காட்டி விரல் மெல்லிய கம்பிகளை வருடித் தாளம் கொடுக்கும். நான் வாய் திறக்கும் முன்னாடியே பாதிப் பாட்டு அவர் விரலில் வந்துவிடும்.

ஆனால் டவுனில் எங்களுக்குக் கிடைக்கிற இடமெல்லாம் காபிக்கடைதான். மெஷின் சத்தத்துக்கு மேலே பாட வேண்டும். இரண்டு குரலும் ஒட்டுகிற அந்த மெல்லிசான இடம் யார் காதுக்கும் போய்ச் சேருவதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஊரில் எங்கள் தோட்டத்தில் கொப்பரை காயப்போடுகிற களம் இருக்கிறது. எங்க அப்பாரு (தாத்தா) காலத்தில் அந்தக் களத்தில்தான் உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை, அதுதான் பொன்னர் சங்கர் கதை, பாடுவார்களாம், விடிய விடிய. அண்ணனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. ஊரில் இருந்தே பைக்கில் போய் வந்துவிடுவார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஊருக்கே போய் அந்தக் களத்தில் பாடலாம் என்று இருக்கிறோம். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை வைப்பது? டிக்கெட் போடுவதா? மைக் வேண்டுமா? அம்மாவுக்கு ஒரே கவலை, ஒரம்பரைக்கு (சொந்தக்காரர்களுக்கு) என்ன பதில் சொல்வது என்று. இப்படித் திரும்பிப் போனவர்கள் கதை தெரிந்தால் சொல்லுங்கள்.

பழைய ரெக்கார்டு, ஈரோடு:

கண்ணு, நீ சொன்ன பெயர்களில் முக்கியமான ஒரு அக்கா தம்பி விட்டுப்போச்சு. ஜேனட் கார்ட்டர், ஜோ கார்ட்டர். நீ கேட்கிற கேள்விக்கு அவர்கள் வாழ்க்கையே பதில்.

வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், மலையடிவாரத்தில் ஹில்டன்ஸ் என்று ஒரு சின்ன ஊர். மேபெலோடு சேர்ந்து கார்ட்டர் குடும்பம் என்ற குழுவாகப் பாடிய ஏ.பி. கார்ட்டர், சாரா இருவரின் பிள்ளைகள் இவர்கள். 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் ஊருக்கு ரெக்கார்டு கம்பெனிக்காரர் ரால்ஃப் பீர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தபோது கார்ட்டர் குடும்பம் போய்ப் பாடியதே, அன்றைக்கு ஜோ கைக்குழந்தை. பால்குடி மறக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் சாரா பாடப் போனார். அப்புறம் பேரும் புகழும் வந்தது, அப்பா அம்மா பிரிந்தார்கள், குழுவும் கலைந்தது. ஏ.பி. ஊரில் ஒரு மளிகைக் கடை வைத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். 1960இல் போய்ச் சேர்ந்தார். பாட்டை விட்டுவிடாதே என்று ஜேனட்டிடம் கேட்டுக்கொண்டுதான் போனார்.

ஜேனட் அந்த வாக்கைக் காப்பாற்றிய விதத்தைக் கவனி. பெரிய விழா வைக்கவில்லை. நகரத்துக்குப் போய் மேடை தேடவில்லை. அப்பாவின் அதே பழைய கடையில் 1974இல் சனிக்கிழமைதோறும் பாட்டு வைத்தார். கூட்டம் கடைக்குள் கொள்ளாமல் போகவே, 1976இல் தம்பி ஜோ முன்னின்று பக்கத்திலேயே பெரிய கொட்டகை போட்டார். அதுதான் கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டு. சாராயம் கூடாது, மின்சாரத்தில் ஓடுகிற வாத்தியம் கூடாது. மேடைக்கு முன்னால் ஆடுவதற்குத் தரை விட்டிருப்பார்கள். கிழவன் கிழவி, பொடிசுகள், எல்லோரும் இறங்கிக் காலைத் தட்டி ஆடுவார்கள். மின்வாத்தியத் தடையில் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் விலக்கு, அவர் மேபெல் மகள் ஜூனைக் கட்டிய வீட்டு மாப்பிள்ளை. 2003 மே மாதம் ஜூன் இறந்தார். ஜூலை 5 அன்று கேஷ் கடைசியாகக் கூட்டத்துக்கு முன்னால் பாடியது இந்தக் கொட்டகையில்தான். செப்டம்பரில் அவரும் போய்விட்டார். ஜோ 2005இல், ஜேனட் 2006இல். அதற்கப்புறமும் ஜேனட்டின் மகள் அதை நடத்துகிறார்.

ஸ்டான்லி பிரதர்ஸில் அண்ணன் கார்ட்டர் ஸ்டான்லி (இது அவர் முதல் பெயர், அந்தக் குடும்பம் இல்லை) 1966இல் இறந்தபின், தம்பி ரால்ஃப் 1971இல் தங்கள் பழைய வீட்டு மலைமேல் திருவிழா ஆரம்பித்தார். அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் அது வருசத்துக்கு ஒன்று. உனக்கு நான் சொல்வது ஜேனட் வழி. நாள் மாறாமல், இடம் மாறாமல், பத்துப் பேர் வந்தாலும் பாடு. சனிக்கிழமை என்றால் அங்கே பாட்டு உண்டு என்று ஊருக்கே பழகிவிட வேண்டும். ஒரம்பரைக்கு அதுவே பதில்.

உடுக்கைக்காரர் பேரன்:

தங்கச்சி, நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் எங்க பக்கத்து விசயம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் ஊருக்குத் திரும்பிப் போகிறீர்கள். பாட்டு ஊரைவிட்டு எங்கேயும் போகவில்லைங்க. எங்க தாத்தா மாதிரி ஆட்கள் உங்கள் களத்தில் விடிய விடியப் பாடிவிட்டு, கொடுத்ததை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு நடந்து வந்தவர்கள். 1965இல் வெளிநாட்டிலிருந்து வந்த பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி அண்ணன்மார் கதையை இரவு இரவாக டேப்பில் பிடித்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் பாடிய எத்தனையோ பேர் குரல் எந்த டேப்பிலும் இல்லை.

கார்ட்டர் குடும்பத்துக் கதையிலும் இது உண்டு. ஏ.பி. மலைக்கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார்க்காரர். ஏ.பி. வார்த்தைகளை எழுதிக்கொள்வார், மெட்டை மனதில் பிடித்து வைத்துக்கொள்வது ரிடில். வீட்டுக்கு வந்து மேபெலுக்கு வாசித்துக் காட்டுவார். ரெக்கார்டில் வந்தது கார்ட்டர் பெயர். ரிடிலைப் பிற்காலத்தில் தேடிப்பிடித்துப் பாட வைத்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் உங்கள் களத்தில் முதல் பாட்டு உடுக்கைக்காரர் பாட்டாக இருக்கட்டும். தரையில் பாய் போட்டு அல்ல, நீங்கள் உட்காருகிற அதே நாற்காலியில். சம்பளத்தை முன்னாடியே பேசிக் கையில் கொடுங்கள். பெயரை நோட்டீசில் போடுங்கள். மாசி மாதம் கூப்பிடாதீர்கள், அப்போது அண்ணன்மார் சாமிக்கு நடக்கிற வீரப்பூர்த் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள்.

காங்கயம் கிட்டார்:

மேலே சொன்னதற்கு நூறு லைக். நான் காசைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அண்ணன் வேலையை விட வேண்டாம், நீங்களும் விட வேண்டாம். சீக்ரெட் சிஸ்டர்ஸ் அக்கா தங்கை கதையைப் பாருங்கள். 2010இல் முதல் ரெக்கார்டு பெரிய கம்பெனியில், பெரிய பேரோடு வந்தது. அப்புறம் கம்பெனி கைவிட்டது, கடன் கழுத்துக்கு வந்து திவால் வரைக்கும் போனது. இருவரில் ஒருவர் வீடு சுத்தம் பண்ணுகிற வேலைக்குப் போனார். கடைசியில் ரசிகர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் 2017இல் அடுத்த ரெக்கார்டு வந்தது. அலபாமாவில் வாத்தியமே இல்லாமல் பாடுகிற சர்ச்சில் வளர்ந்த குரல்கள் அவை. எவ்வளவு அடிபட்டாலும் அந்தச் சேர்த்தி அப்படியே நிற்கிறது, கேளுங்கள்.

டிக்கெட் வேண்டாம். தோட்டத்துக்கு வருகிறவரிடம் நுழைவுக் கட்டணம் கேட்டால் நம் ஊரில் யாருக்கும் மனசு ஒப்பாது. ஒரு அண்டா வையுங்கள், போடுகிறவர் போடட்டும், முதல் பங்கு உடுக்கைக்காரருக்கு. மைக் வைத்தால் கோயில் குழாய் ஸ்பீக்கர்தான் வாடகைக்குக் கிடைக்கும், அதில் உங்கள் கீழ்க்குரல் செத்துப்போகும். சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஆட்களை அரைவட்டமாக நெருக்கி உட்கார வையுங்கள். ஐம்பது பேருக்கு அது போதும். காத்து மாதமான ஆனி ஆடியில் மட்டும் வீட்டுத் திண்ணைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பாட்டையே தூக்கிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று, வள்ளி கும்மி ஆடுகிற பிள்ளைகள் உங்கள் ஊரில் இருப்பார்களே? 2024இல் பத்மஸ்ரீ வாங்கிய பத்ரப்பன் ஐயா, ஆண்கள் மட்டும் ஆடிய அந்தக் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். ஃபோல்டில் ஆடத் தரை விட்ட மாதிரி நீங்களும் களத்தில் நடுவே இடம் விடுங்கள்.

வெள்ளகோவில் தங்கச்சி:

மூன்று பேருக்கும் நன்றிங்க. அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஜோவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் அம்மா நிறுத்தி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள்.

உடுக்கைக்காரர் பேரன் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. எங்கள் களத்தில் பாடினவர் யார் என்று அப்பாவிடம் கேட்டேன். பெயர் தெரிந்திருக்கிறது, முத்தூர் ரோட்டுப் பக்கம் வீடாம். ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் போய்ப் பார்க்கிறோம். அவர் பாட ஒத்துக்கொண்டால் அவர் சொல்கிற நாள்தான் எங்கள் நாள், சனிக்கிழமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பங்குனியில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம். மைக் இல்லை, டிக்கெட் இல்லை.

அவருடைய உடுக்கையில் தோல் கிழிந்து ரொம்ப நாளாகச் சும்மா தொங்குகிறது என்று அப்பா சொன்னார். தாராபுரம், காங்கயம் பக்கம் உடுக்கைக்குத் தோல் மாற்றிக் கட்டுகிறவர் இருந்தால் எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள், நேரிலேயே எடுத்துக்கொண்டு போகிறோம்.