கம்பேர் ‘சரி’ என்கிறது, விஎம் மட்டும் பழைய சர்வருக்குத் திரும்ப மறுக்கிறது

ரேக்_காவலன்:
வணக்கம். எங்களிடம் கேவிஎம் (லினக்ஸில் விஎம், அதாவது மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி) சர்வர்கள் இரண்டு. பழையது ஜியான் இ5-2650 வி2, புதியது ஜியான் சில்வர் 4110. பில்லிங் விஎம்மை லைவ் மைக்ரேஷனில் (நிறுத்தாமலே இடம் மாற்றுவது) புதியதற்கு மாற்றியபோது எந்தச் சிக்கலும் இல்லாமல் போய்விட்டது. அப்புறம் டிஸ்க் வேலைக்காக அதை ஷட்டவுன் செய்து ஆன் செய்தேன். இப்போது திருப்பி அனுப்பினால் ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ1 என்று சிபியு வசதிகளை நீளமாகப் பட்டியல் போட்டு, இதெல்லாம் பழையதில் இல்லை என்கிறது. பழைய சிபியு விவரத்தைப் புதியதில் கொடுத்து சிபியு-கம்பேர் கட்டளையை ஓட்டினேன். ‘சூப்பர்செட்’ என்றுதான் வந்தது. விஎம்மின் சிபியு மோட் ஹோஸ்ட்-மாடல். புதிய சர்வரில் ரேம் சேர்க்க வேண்டும், அதனால்தான் அவசரம்.

கர்னல்_கிழவன்:
தம்பி, கம்பேர் பொய் சொல்லவில்லை. பழையதில் இருப்பதெல்லாம் புதியதில் உண்டு என்கிறது, அவ்வளவுதான். நீங்கள் போக வேண்டியது எதிர்த்திசை. இ5 வி2 என்பது இன்டெல்லின் ஐவி பிரிட்ஜ் தலைமுறை, சில்வர் 4110 ஸ்கைலேக். ஏவிஎக்ஸ்2 அடுத்த தலைமுறையான ஹாஸ்வெல்லில்தான் வந்தது.

ஹோஸ்ட்-மாடல், விஎம் ஆன் ஆகும் நேரத்தில் எந்த சர்வரில் இருக்கிறதோ அதன் வசதிகளை எடுத்துக்கொள்ளும். மைக்ரேஷனில் வந்தபோது ஐவி பிரிட்ஜ் வேடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஷட்டவுன் செய்து ஆன் செய்ததும் ஸ்கைலேக் ஆகிவிட்டது. உள்ளேயிருந்து வெறும் ரீபூட் செய்திருந்தால் பழைய வேடமே நீடித்திருக்கும். இப்போது டம்ப்எக்ஸ்எம்எல் (விஎம்மின் அமைப்பைக் காட்டும் கட்டளை) எடுத்துப் பாருங்கள், ஸ்கைலேக் என்றே எழுதியிருக்கும்.

ரேக்_காவலன்:
ஓ, அதுதான் சங்கதியா! இனி என்ன வழி அண்ணா?

கர்னல்_கிழவன்:
இரண்டு சர்வரிலும் டோம்கேபபிலிட்டிஸ் (அந்த சர்வர் விஎம்முக்கு என்னென்ன தர முடியும் என்ற பட்டியல்) எடுத்து ஒரே ஃபைலில் போடுங்கள். அதை ஹைப்பர்வைசர்-சிபியு-பேஸ்லைன் கட்டளைக்குக் கொடுங்கள், மைக்ரேட்டபிள் ஆப்ஷனோடு. இரண்டுக்கும் பொதுவான சிபியு வரையறை கிடைக்கும். விஎம் அமைப்பைத் திருத்தும் விர்ஷ் எடிட்டில் ஹோஸ்ட்-மாடல் இருக்கும் இடத்தில் அதை ஒட்டிவிட்டு, ஒருமுறை ஷட்டவுன் செய்து ஆன் செய்யுங்கள். அந்த ஒரு நிறுத்தத்தைத் தவிர்க்க முடியாது. வெறும் சிபியு-கம்பேரை நம்பாதீர்கள். அது சில்லை மட்டும் பார்க்கும், விஎம்மை ஓட்டும் க்யூஇஎம்யூ மென்பொருள் எதைத் தரும் என்று பார்க்காது. அதையும் பார்க்க ஹைப்பர்வைசர்-சிபியு-கம்பேர் என்று தனியாக ஒன்று இருக்கிறது.

நெட்_நாடோடி:
விஎம்வேரில் இதையே, அதாவது எல்லா சர்வருக்கும் பொதுவான சிபியு வசதிகளை மட்டும் காட்டுவதை, இவிசி என்ற வசதி செய்யும். ஒன்று கவனியுங்கள்: ரெட் ஹேட் லினக்ஸ் 10, எக்ஸ்86-64-வி3 என்ற சிபியு தர நிலையை (ஏவிஎக்ஸ்2 உட்பட) கேட்கிறது, ஐவி பிரிட்ஜ் வரையறையில் அது பூட் ஆகாது.

ரேக்_காவலன்:
விஎம்முக்குள் ஓடுவது ஆல்மாலினக்ஸ் 9, அதற்கு அதைவிடக் கீழான வி2 நிலை போதும். ஞாயிறு இரவு நிறுத்த அனுமதி வாங்கிவிட்டேன். நன்றி அண்ணா.