கல்யாணச் சமையலுக்குக் கத்தி: கம்பெனிப் பெயருக்குக் கொடுக்கும் பணம் தகுமா?

கோட்டையூர்ப் பந்தி:
அனைவருக்கும் வணக்கம். அப்பா காலத்திலிருந்து கல்யாணச் சமையல் எடுத்துச் செய்து வருகிறோம். முந்நூறு இலையிலிருந்து ஆயிரம் இலை வரை பரிமாறுவோம். காய் நறுக்க மட்டும் ஏழு பேர் இருக்கிறார்கள். கத்தியெல்லாம் காரைக்குடிச் சந்தையில் வாங்குவதுதான். ஒன்று நூறு, நூற்றைம்பது ரூபாய். இரண்டு முகூர்த்தம் முடிவதற்குள் மழுங்கிவிடுகிறது. மழுங்கிய கத்தியை அழுத்திப் போன மாதம் ஒரு பெண் விரலைக் கிழித்துக்கொண்டாள், நாலு தையல். வைகாசியில் மாமா சிங்கப்பூரிலிருந்து வருகிறார். எட்டு அங்குலக் கத்தி ஆறு வாங்கி வரச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சுவிஸ் விக்டோரினாக்ஸ், ஜெர்மன் வுஸ்ட்ஹோஃப், ஜப்பானின் டோஜிரோ என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். விலை ஏறிக்கொண்டே போகிறது. தரமும் அப்படியே ஏறுகிறதா?

பள்ளத்தூர் எஃகு:
தம்பி, தயங்காமல் வாங்குங்கள். ஆனால் விலை ஏறுவதால் தரமும் ஏறுகிறது என்று எண்ண வேண்டாம். விக்டோரினாக்ஸின் கறுப்புப் பிடி போட்ட கத்தியும் வுஸ்ட்ஹோஃபின் கிளாசிக் வரிசையும் ஒரே வகை எஃகில் செய்தவை. ஜெர்மன் எண் 1.4116. கரி (கார்பன்) நூற்றில் அரைப் பங்கு, குரோமியம் ஏறத்தாழ பதினைந்து பங்கு. முதலாவது தகட்டிலிருந்து வெட்டி எடுத்தது. இரண்டாவது சூடாக்கி அடித்து உருவாக்கியது. கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் ஒன்று 56 அளவிலும் மற்றது 58 அளவிலும் நிற்கும். இந்த இரண்டு புள்ளிக்கும், அலகுக்கும் பிடிக்கும் நடுவே உள்ள தடித்த கழுத்துக்கும், கையில் உட்காரும் கனத்துக்கும்தான் சில மடங்கு கூடுதல் பணம். வீட்டில் ஆசைக்கு வைத்துக்கொள்பவர் கொடுக்கலாம். ஏழு பேர் கை மாறும் பந்திச் சமையலுக்கு அது வீண் செலவு.

நான் பதினெட்டு ஆண்டுகள் கோயம்புத்தூரில் எஃகுக்குத் தோய்ச்சல் போடும், அதாவது சூடாக்கி முக்கிக் கடினமாக்கும் பட்டறையில் வேலை பார்த்தவன். கம்பெனிப் பெயருக்குப் பணம் கொடுப்பது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான்: ஆறு கத்தி வாங்கினால் ஆறும் ஒன்றுபோல இருக்கும். சந்தைக் கத்தியில் அந்த உறுதி கிடையாது. ஒன்று நன்றாக வாய்க்கும், அடுத்தது தகரம்போல மடங்கும்.

தேவகோட்டைச் சாணை:
முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கரண்டி பிடிக்கிறேன். ஐயா சொல்லும் எண்கள் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மண்டபம். மூவாயிரம் ரூபாய்க் கத்தியைக் காய் நறுக்கும் இடத்தில் வைத்தால் அது வெங்காயத் தோலோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். போன ஆவணியில் ஒரே கல்யாணத்தில் எனக்கு நாலு கத்தி காணாமல் போனது. சந்தைக் கத்தி என்பதால் நான் அன்று இரவு தூங்கினேன்.

விரல் கிழிந்தது கத்தியின் விலையால் அல்ல, யாரும் தீட்டாததால். தம்பி, உங்கள் ஏழு பேரில் எத்தனை பேருக்குக் கல்லில் கத்தி தீட்டத் தெரியும்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பெயரை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒருவர் அன்பாகக் கொடுத்த ஜப்பானியக் கத்தி. கம்பெனி எது என்று சொல்லப்போவதில்லை. தக்காளியைத் தொட்டாலே இரண்டாகும். ஒரு நாள் அவசரத்தில் நாட்டுக்கோழியின் தொடை எலும்பில் இறக்கினேன். கத்தியின் கூர் வாயில் பிறை நிலா அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது. அதைத் தேய்த்துச் சரிசெய்யச் சுண்டு விரல் நகத்தளவு எஃகை இழக்க வேண்டியிருந்தது. அந்தத் துண்டு குழம்பில் போயிருந்தால்? அன்றிரவு முழுவதும் இதே நினைவு.

சிங்கை நகரத்தார்:
அண்ணன், தவறு கத்தியுடையது அல்ல. ஜப்பானியக் கத்தியின் நடுவில் இருப்பது பெரும்பாலும் விஜி-10 போன்ற எஃகு. கரி நூற்றில் ஒரு பங்கு, கடினம் 60ஐ ஒட்டி. கடினம் கூடினால் வாய் மெல்லியதாக நிற்கும், நெடுநாள் கூர் தாங்கும். அந்த அளவுக்கு நொறுங்கவும் செய்யும். எலும்புக்கு என்று அதைச் செய்யவே இல்லை.

கூர் தாங்குவதை அளக்க இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள காட்ரா நிறுவனத்தின் கருவி இருக்கிறது. ஐஎஸ்ஓ 8442 தரத்தின்படி மணல் கலந்த காகித அட்டைகளைக் கத்தி திரும்பத் திரும்ப அறுக்கும். எத்தனை மில்லிமீட்டர் அறுத்தது என்று எண்ணிச் சொல்லிவிடும். அந்தக் கணக்கில் கடின எஃகு, மென்மையான எஃகை விட முன்னே நிற்கும். பணத்துக்குப் பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

தேவகோட்டைச் சாணை:
காகிதம் நறுக்க யாரும் எனக்கு முன்பணம் கொடுப்பதில்லை.

பள்ளத்தூர் எஃகு:
அண்ணன், அந்த மணலைத் தள்ளிவிட வேண்டாம். சேனைக்கிழங்கு எண்பது கிலோ வந்து இறங்கும்போது அதில் ஒட்டியிருக்கும் மண்ணை நினைத்துப் பாருங்கள். எத்தனை முறை கழுவினாலும் தோல் மடிப்பில் துகள் இருக்கும். கத்தியின் வாயைத் தின்பது கிழங்கு அல்ல, அந்தத் துகள்தான். அட்டையில் மணலைக் கலந்தது அதற்காகவே.

ஆனால் அந்தக் கருவி அளக்காதது ஒன்று உண்டு: மழுங்கிய பிறகு அந்த வாய் எவ்வளவு விரைவில் மீண்டு வருகிறது என்பது. 56 கடினம் உள்ள கத்தி கல்லில் பத்து நிமிடத்தில் திரும்பிவிடும். 60 உள்ளது நேரம் கேட்கும், கைப்பழக்கமும் கேட்கும். பந்திக்கு மீண்டு வரும் கத்தியே நல்ல கத்தி. இதனால்தான் டோஜிரோ நல்ல பொருள் என்று தெரிந்தும் தம்பிக்கு வேண்டாம் என்கிறேன்.

செக்காலை மீனாள்:
நான் தொழில்காரி அல்ல, ஆனாலும் சொல்ல ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அரிவாள்மனைதான். இரண்டு கையும் காயைப் பிடித்திருக்கும், வாய் அசையாது. வாழைப்பூ ஆய்வதானாலும் பலாக்காய் பிளப்பதானாலும் எந்த நாட்டுக் கத்தியும் அதற்கு ஈடு இல்லை என்பது என் எண்ணம்.

பெயரைப் பற்றிய பேச்சு என்பதால் இன்னொன்று. எங்கள் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் எலும்புப் பிடி போட்ட மேசைக் கத்தி ஒன்று இரண்டாம் கட்டு அலமாரியில் இருக்கிறது. அலகில் ஷெஃபீல்டு என்று பொறித்திருக்கிறது. கறுத்துப்போய், தீட்டித் தீட்டி வேப்பிலை அகலத்துக்குக் குறுகிவிட்டது. ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் இன்றைக்கும் எலுமிச்சம்பழத்தை மணமாக அறுக்கும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர் நல்ல விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. அந்தக் காலத்துப் பெயருக்கு மதிப்பு இருந்தது இல்லையா?

பள்ளத்தூர் எஃகு:
ஆச்சி, கொடுக்காதீர்கள். கறுத்திருப்பதால் அது கரி எஃகு. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியதே 1913இல்தான். அது சமையலறைக்குள் பரவும்வரை இப்படிப்பட்ட கத்திகள்தான்.

ஆனால் அலகில் இருப்பது ஊர்ப் பெயர். அந்த ஊரில் சிறிதும் பெரிதுமாக ஏராளமான பட்டறைகள் இருந்தன. நல்லதும் வந்தது, சுமாரும் வந்தது. உங்களிடம் இருப்பது நல்லது என்று தெரிவது எலுமிச்சம்பழத்தால்.

ஊர்ப் பெயரைக் காப்பாற்ற ஜெர்மனியில் 1938இலேயே சட்டம் போட்டார்கள். முக்கியமான வேலைகள் சோலிங்கன் வட்டாரத்தில் நடந்தால்தான் அந்தப் பெயரைப் பொறிக்கலாம். அந்த ஊரில் 1731இல் தொடங்கிய ஸ்வில்லிங் கம்பெனியையே பாருங்கள். இரட்டை மனிதர் சின்னம் போட்டது மேல்தர வரிசை. ஒற்றை மனிதர் சின்னம் போட்டது விலை குறைந்த வரிசை, அது வேறு நாடுகளிலும் செய்யப்படுகிறது. கடையில் பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர், சின்னத்தில் ஆள் ஒன்றா இரண்டா என்று எண்ணுவதில்லை.

தேவகோட்டைச் சாணை:
ஊர்ப் பெயர் என்றால் நமக்குத் திருப்பாச்சேத்தி இருக்கிறது. நம் சிவகங்கை மாவட்டம்தான். லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, உலையில் காய்ச்சி, கண் எதிரே அடித்துத் தருவார்கள். என் கைக்கு எவ்வளவு நீளம், பிடி எந்தச் சாய்வு என்று சொல்லி வாங்கலாம். கறி வெட்ட நான் வைத்திருப்பது அங்கே செய்ததுதான். பதினோரு ஆண்டாகப் புளியமரக் கட்டையில் இறங்குகிறது. வாய் மடங்கியதும் இல்லை, உடைந்ததும் இல்லை. சுவிஸ் கத்தி எலும்பில் இதைச் செய்யுமா?

பள்ளத்தூர் எஃகு:
செய்யாது. அந்த வேலையில் கொல்லருக்கு முன் எந்தத் தொழிற்சாலையும் நிற்க முடியாது. ஸ்பிரிங் பட்டையிலும் கரி ஏறத்தாழ அரைப் பங்குதான், சில வகைகளில் கொஞ்சம் கூடும். அதாவது சுவிஸ் கத்திக்கும் அதற்கும் கரியில் பெரிய வித்தியாசம் இல்லை. அடி வாங்கவே பிறந்த எஃகு அது.

ஆனால் கறுக்காமல் காக்கும் அளவுக்குக் குரோமியம் இல்லை. அதே கத்தியால் வாழைக்காய் நறுக்கிப் பாருங்கள், மாங்காய் நறுக்கிப் பாருங்கள். காயும் கறுக்கும், கத்தியும் கறுக்கும். மண்டிக் குழம்புக்கு நறுக்கிய காய் கறுத்துக் கிடந்தால் பெண் வீட்டார் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று, கொல்லர் நெருப்பின் நிறத்தைப் பார்த்துத் தோய்க்கிறார். கை தேர்ந்தவருக்கு அது போதும். அவர் மகன் அடித்தால்? அந்தி வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரிந்தால்? பட்டறையில் வெப்பமானியை வைத்துக்கொண்டே தவறியதை நான் பார்த்திருக்கிறேன்.

தேவகோட்டைச் சாணை:
மாங்காய் விஷயத்தில் மறுக்கவில்லை. காய்க்கு எவர்சில்வர் கத்திதான் நானும் வைத்திருக்கிறேன். என் வழக்கு ஒன்றுதான்: விலை உயர்ந்த கத்தி தீட்டுவதை மறக்கச் செய்யும். வாங்கியவுடன் ஆறு மாதம் அது தானாக வெட்டும். அந்த ஆறு மாதத்தில் கல் மூலைக்குப் போய்விடும்.

முகூர்த்தத்துக்கு முந்திய இரவு இரண்டு மணிக்கு நான் எழுந்திருப்பேன். கல்லை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்திருப்பேன். ஈரக் கோணிச்சாக்கை மடித்து அதன்மேல் கல்லை வைத்தால் நகராது. கத்தியின் முதுகை இரண்டு பைசாக் கனம் தூக்கி, அடியிலிருந்து முனை வரை ஒரே அழுத்தத்தில் தள்ள வேண்டும். தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கத்தில் மயிரிழைபோலப் பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலைக் குறுக்கே மெல்ல இழுத்தால் சொரசொரவென்று தட்டுப்படும். அடி முதல் முனை வரை அது எழாதவரை அந்தப் பக்கம் முடியவில்லை என்று பொருள். பிறகு திருப்பி அடுத்த பக்கம். கடைசியில் பழைய தோல் வாரில் நாலு இழுப்பு, பிசிறு உதிர்ந்துவிடும். விளக்கின் கீழே வாயை மேல்நோக்கிப் பிடித்தால் ஒளி எங்கேயும் மின்னக் கூடாது. மின்னும் இடம் மழுங்கிய இடம். நூறு ரூபாய்க் கத்தியும் இப்படித் தீட்டினால் அன்று பகல் முழுக்கச் சின்ன வெங்காயத்தை நசுக்காமல் அறுக்கும்.

பள்ளத்தூர் எஃகு:
இதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். "அன்று பகல் முழுக்க" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது மட்டும் போதும் எனக்கு. மறுநாள் திரும்பவும் தீட்ட வேண்டும். தோய்ச்சல் சரியாக விழுந்த கத்தி நாலைந்து நாள் நிற்கும். ஏழு கத்தியை நாள்தோறும் தீட்டும் உழைப்புக்கும் கூலி உண்டு. அதையும் விலையில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை தம்பிக்கு. சைக்கிளில் வரும் சாணை வண்டியில் எந்தக் கத்தியையும் கொடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாத சக்கரத்தில் பொறி பறக்கும், வாய் நீலம் பூக்கும். நீலம் பூத்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது. பிறகு அது சுவிஸும் இல்லை, சந்தையும் இல்லை, வெறும் இரும்புப் பட்டை.

தேவகோட்டைச் சாணை:
உண்மை. என் கத்தியை அந்தச் சக்கரத்தில் ஒருநாளும் கொடுத்ததில்லை.

சிங்கை நகரத்தார்:
எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. தீட்டத் தெரிந்த அண்ணன் கையில் கடின எஃகு கொடுத்தால் வாரம் ஒருமுறை தீட்டினால் போதும். தெரியாதவருக்குத்தான் மென்மையான எஃகு. தம்பியின் ஆட்களைக் குறைவாக மதிப்பிட்டே எல்லோரும் பேசுகிறீர்கள்.

செக்காலை மீனாள்:
விரலில் தையல் போட்ட அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா? அவள் கைக்கு எட்டு அங்குலம் பொருந்துமா என்று?

கோட்டையூர்ப் பந்தி:
ஆச்சி, இன்று காலை கேட்டேன். ஆறு அங்குலம் போதும், பிடி வழுக்கக் கூடாது என்றாள். ஈரக் கையில் மரப்பிடி சுழன்றதால்தான் விரல் கிழிந்ததாம். இத்தனை நாள் நான் அதைக் கேட்கவே இல்லை.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். விக்டோரினாக்ஸ், கறுப்புப் பிடி, ஆறு அங்குலத்தில் இரண்டு, எட்டு அங்குலத்தில் ஒன்று. ஆறுக்குப் பதில் மூன்று. பிடியில் சிவப்பு நாடா சுற்றப்போகிறேன், தோல் குவியலில் கண்ணுக்குத் தெரியும். கறிக்குத் திருப்பாச்சேத்தி போகிறேன். தேவகோட்டை அண்ணன், தீட்டுவதற்கு எந்தக் கல் வாங்க வேண்டும்? புதுக் கத்தி வந்ததும் அதை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தால் சொல்லித் தருவீர்களா?

தேவகோட்டைச் சாணை:
ஆயிரம் எண் போட்ட தண்ணீர்க் கல் ஒன்று போதும். ஆனால் புதுக் கத்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற புதன்கிழமை எனக்கு வேலை இல்லை. உங்களிடம் இருப்பதிலேயே மிக மோசமாக மழுங்கிய சந்தைக் கத்தி மூன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பெண்ணையும் அழைத்து வாருங்கள். கல்லைக் காலையிலேயே தண்ணீரில் போட்டு வைக்கிறேன்.